‘ஓடு’ எப்போது ‘ஆல்’ ஆனது? குடல் நுண்ணுயிரும் ஆட்டிசமும் குறித்த ஒரு மறுப்பு

தமிழ் இலக்கணத்தின் மூன்றாம் வேற்றுமைக்கு இருவகை உருபுகள் உண்டு. ‘ஆல்’, ‘ஆன்’ என்பன ஒரு வகை. ‘ஒடு’, ‘ஓடு’ என்பன மற்றொரு வகை. பழைய இலக்கியங்களில் இவற்றின் பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து வருவதுண்டு என்றாலும், இன்றைய வழக்கில் எல்லை தெளிவானது. ‘ஆல்’ கருவியையும் கருத்தாவையும் காட்டும். ‘ஓடு’ உடனிகழ்ச்சியைக் காட்டும். ‘மழையால் சுவர் இடிந்தது’ என்பதற்கும் ‘மழையோடு காற்றும் வந்தது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆறாம் வகுப்பு மாணவருக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் முனைவர் பட்டம் பெற்றவர்கள் எழுதும், முனைவர் பட்டம் பெற்றவர்களே மதிப்பிடும் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வேறுபாடு கடந்த கால் நூற்றாண்டாகக் குழம்பிக் கிடக்கிறது. குடல் நுண்ணுயிருக்கும் ஆட்டிசத்துக்கும் ‘தொடர்பு’ என்னும் கதை அவற்றுள் ஒன்று. இதில் பணத்தையும் காலத்தையும் இழப்பவர்கள் பெற்றோர். உடலால் விலை கொடுப்பவர்கள் குழந்தைகள்.

‘தொடர்பு’ என்னும் சொல் வசதியானது. அதற்கு வேற்றுமை உருபு வேண்டாம். ‘நுண்ணுயிரோடு’ என்றோ ‘நுண்ணுயிரால்’ என்றோ அறுதியிட்டுச் சொல்லும் பொறுப்பிலிருந்து எழுதுபவரை அது விடுவித்துவிடுகிறது. தலைப்பில் ‘தொடர்பு’ என்று இருக்கும். மூன்றாம் பத்தியில் ‘பாதிக்கிறது’ என்று மாறும். கட்டுரை முடியும்போது ‘குடலைச் சீராக்கினால்’ என்ற நிபந்தனை எச்சம் வந்துவிடும். எந்த இடத்திலும் பொய் சொல்லப்படவில்லை. ஆனால் வாசிப்பவர் பொய்யான முடிவோடு எழுந்து போகிறார்.

1.

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி, ஆனேக்கல் வட்டத்தில் இருக்கிறது பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடம் அங்கேதான் முடிகிறது. இந்தியாவின் பெரிய மருத்துவ வளாகங்களில் ஒன்றான நாராயணா ஹெல்த் சிட்டி அங்கே இருக்கிறது; பயோகான் போன்ற உயிரித் தொழில்நுட்ப ஆலைகளும் இருக்கின்றன; அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு தொழிற்சாலைகளும் இருக்கின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழகம். ஆகவே கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்து அங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம்.

அத்தகைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தைக்கு ஷிஃப்ட் வேலை. மகனுக்கு மூன்றரை வயது. இன்னும் பேச்சு வரவில்லை. வெள்ளைத் தயிர்ச்சோறும் ஒரே ஒரு வகை பிஸ்கட்டும் தவிர வேறெதையும் வாயில் வைப்பதில்லை. நான்கு நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிக்கிறான். அதற்கு முந்தைய இரவெல்லாம் தலையைச் சுவரில் மோதுகிறான். ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரவு இரண்டு மணிக்குக் கைபேசியில் தேடும் அந்தத் தாய்க்கு முதலில் கண்ணில் படுவது ‘குடல்–மூளை அச்சு’. குழந்தைக்குக் குடலில் சிக்கல் இருப்பது அவர் கண்முன் தெரிகிறது. நடத்தையில் சிக்கல் இருப்பதும் தெரிகிறது. இரண்டையும் இணைக்கும் ஒரு காணொளி அவர் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் மலப் பரிசோதனைக்கு ஒரு தொகை. அதன் பின் மாதந்தோறும் புரோபயாட்டிக்குக்கு ஒரு தொகை. அதற்கும் பின் கோதுமை கூடாது, பால் கூடாது என்ற கட்டளை. நல்ல பாக்டீரியா வேண்டும் என்கிறார் ஒருவர். தயிரை நிறுத்து என்கிறார் இன்னொருவர். குழந்தை உண்டுவந்த ஒரே உணவு தட்டிலிருந்து அகற்றப்படுகிறது.

அந்தத் தாயைக் குறை சொல்ல இங்கே எதுவும் இல்லை. குறை சொல்லப்பட வேண்டியவர்கள் ‘ஓடு’ என்பதை ‘ஆல்’ என்று எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள்.

2.

இந்தக் கதை புதியதன்று. 1998ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் மூன்று குடல் கோட்பாடுகள் வெளிவந்தன. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் குழுவினரும் 12 குழந்தைகளை வைத்து ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை முதலாவது. தடுப்பூசிப் பீதியால் அது நினைவில் நிற்கிறது. ஆனால் அதன் உள்ளீடு ஒரு புதிய குடல் நோயை முன்மொழிந்ததுதான் என்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. அக்கட்டுரையை 2010இல் இதழே திரும்பப் பெற்றது. எழுதியவரின் மருத்துவப் பதிவும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. இரண்டாவது, செக்ரெட்டின் என்னும் குடல் இயக்குநீர். மூன்றே குழந்தைகளிடம் காணப்பட்ட முன்னேற்றத்தை வைத்து அது அமெரிக்கா முழுவதும் பரவியது. மூன்றாவது, டெட்டனஸ் பாக்டீரியாவே ஆட்டிசத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று எலன் போல்ட் முன்வைத்த கருதுகோள். அதன் தொடர்ச்சியாக 2000இல் 11 குழந்தைகளுக்கு வான்கோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் எட்டு வாரம் வாய்வழி கொடுக்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லை. பலரிடம் முன்னேற்றம் தெரிந்தது. மருந்தை நிறுத்தியபின் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை.

இவற்றுள் செக்ரெட்டினின் முடிவு ஒவ்வோர் ஆய்வு மாணவரும் அறிந்திருக்க வேண்டியது. 1999இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முறையான ஆய்வு வெளிவந்தது. 60 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர்; ஒரு பாதிக்கு செக்ரெட்டின் ஊசி, மறு பாதிக்கு உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரு குழுவிலும் மதிப்பெண்கள் மேம்பட்டன. உப்புநீரைக் காட்டிலும் செக்ரெட்டின் எதையும் கூடுதலாகச் செய்யவில்லை. இந்த முடிவு பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்ட பின்னும் அவர்களில் 69 சதவீதத்தினர் தங்களுக்கு செக்ரெட்டினில் ஆர்வம் இருப்பதாகவே சொன்னார்கள்.

இந்த ஓர் ஆய்வில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஆட்டிசக் குழந்தைகள் வளர்கிறார்கள், மாறுகிறார்கள். எதிர்பார்ப்போடு பார்க்கும் பெற்றோர் கண்ணுக்கு அந்த மாற்றம் மருந்தின் பயனாகத் தெரியும். எனவே ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த ஆய்வும் பயனை நிறுவாது. இரண்டு, ஒரு கோட்பாடு ஒருமுறை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதைச் சான்று வந்து வெளியேற்றுவது அரிது. ஆகவே பொறுப்பு நுழைவாயிலிலேயே இருக்கிறது. அந்த வாயிலில் நிற்பவர்கள் ஆய்வாளர்கள்.

3.

நுண்ணுயிர்களின் மரபணுக்களை வரிசைப்படுத்தும் கருவிகள் மலிந்தபின், பழைய கோட்பாடு புதிய எண்களோடு திரும்பி வந்தது. ஆட்டிசக் குழந்தைகள் சிலரின் மலத்தையும் மற்றக் குழந்தைகள் சிலரின் மலத்தையும் எடுத்து, எந்தப் பாக்டீரியா எங்கே கூடுதல் என்று எண்ணுவது அதன் வழிமுறை. 2010இல் ஃபைன்கோல்ட் குழுவினர் ஆட்டிசக் குழந்தைகளிடம் பாக்டீராய்டீட்ஸ் தொகுதி கூடுதல் என்றனர். 2011இல் வில்லியம்ஸ் குழுவினர் குடல் திசுவை ஆராய்ந்து, அதே தொகுதி குறைவு என்றனர். கூடினாலும் சான்று, குறைந்தாலும் சான்று என்றால் எதுதான் மறுப்பு?

இந்தியக் குழந்தைகளைப் பற்றி 2018இல் ‘மைக்ரோபியல் ஈகாலஜி’ இதழில் வந்த ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டிசமுள்ள 30 குழந்தைகள், மற்றவர்கள் 24 பேர். முதற்குழுவில் லாக்டோபேசில்லேசியே, பிஃபிடோபாக்டீரியேசியே முதலிய குடும்பங்கள் மேலோங்கியிருந்தன. இரண்டாம் குழுவில் பிரிவோடெல்லேசியே. இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். லாக்டோபேசில்லஸும் பிஃபிடோபாக்டீரியமும்தாம் கடைகளில் ‘நல்ல பாக்டீரியா’ என்ற பெயரில் மாத்திரையாக விற்கப்படுபவை. இந்த ஆய்வில் அவை மிகுந்திருப்பது ஆட்டிசக் குழந்தைகளிடம்! கண்டறிதலைக் காரணமாகப் படிப்பவர், அந்த மாத்திரையை ஆட்டிசக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்ல வேண்டும். எந்த விற்பனையாளரும் அப்படிச் சொல்வதில்லை.

எளிய விளக்கம் ஒன்று இருக்கலாம். பிரிவோடெல்லா நார்ச்சத்து மிகுந்த தானிய, காய்கறி உணவோடு வருவது. இந்தியக் குடல்களில் அது மிகுதி என்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. லாக்டோபேசில்லஸ் தயிரில் இருப்பது. காயும் கீரையும் தொடாமல் தயிர்ச்சோற்றில் மட்டும் வளரும் ஒரு குழந்தையின் மலத்தில் எது கூடும், எது குறையும் என்று எந்தப் பாட்டியும் ஊகிப்பார். இந்த ஊகம் அக்குழந்தைகளைப் பொறுத்தவரை சரியா தவறா என்பது வேறு. அதை விலக்காமல் காரணம் பேசக் கூடாது என்பதே இங்கே சொல்ல வருவது.

கெவின் மிட்செல், டேரன் டாலி, டாரதி பிஷப் ஆகிய மூவர் 2025 நவம்பரில் ‘நியூரான்’ இதழில் இத்துறையின் சான்றுகளை மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தனர்: மனிதரிடம் ஒப்பீடு, எலிகளிடம் சோதனை, சிகிச்சை ஆய்வு. அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஒப்பீட்டு ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு 7 முதல் 43 பேர் வரையே இருப்பதை அவர்கள் சுட்டினர். ஆயிரக்கணக்கான பாக்டீரிய வகைகளை நாற்பது பேரிடம் எண்ணினால், ஏதோ ஒன்று தற்செயலாகவே வேறுபடும். பத்து ஆய்வுகள் பத்து வெவ்வேறு பாக்டீரியாவைச் சுட்டுவது அதனால்தான். மூன்று வகைச் சான்றும் தனித்தனியே பலவீனமானவை என்றும், ஒன்றையொன்று தாங்கவும் இல்லை என்றும் அவர்கள் முடித்தனர். மூன்று ஓட்டைக் குடங்களை அடுக்கினால் தண்ணீர் நிற்காது.

4.

இன்னும் கூர்மையான மறுப்பு 2021இலேயே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் குளோயி யாப்பும் சக ஆய்வாளர்களும் 247 குழந்தைகளை ஆராய்ந்தனர். அவர்களில் 99 பேர் ஆட்டிசமுள்ளவர்கள். ஒப்பீட்டுக்கு அவர்களுடைய உடன்பிறந்தோரும் இருந்தனர். மலத்தின் முழு மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தியதோடு, குழந்தைகள் என்ன உண்கிறார்கள் என்பதையும் பதிவு செய்தனர். ஆட்டிசத்துக்கும் நுண்ணுயிருக்கும் நேரடி ஒட்டுறவு மிகமிகச் சொற்பம். ஆட்டிசத்துக்கும் குறுகிய உணவுக்கும் ஒட்டுறவு உண்டு; குறுகிய உணவுக்கும் நுண்ணுயிர்ப் பன்மை குறைவதற்கும் ஒட்டுறவு உண்டு. அதாவது அம்பின் திசை எதிர்ப்புறம். சுவை, மணம், நிறம், தொடு உணர்வு ஆகியவற்றில் ஆட்டிசக் குழந்தைகள் பலருக்கு இருக்கும் கூருணர்வால் உணவு குறுகுகிறது. உணவு குறுகுவதால் குடல் மாறுகிறது. அந்த வாக்கியத்தில் ‘ஆல்’ வரலாம். ஆனால் அது ஒட்ட வேண்டிய சொல் வேறு.

இதற்கு எதிராக ஒரு பெரிய ஆய்வு சுட்டப்படும். அதையும் மறைக்கக் கூடாது. ஹாங்காங் ஆய்வாளர்கள் 2024இல் 1,627 குழந்தைகளை ஆராய்ந்து, பாக்டீரியா மட்டுமன்றிப் பூஞ்சை, வைரஸ் முதலியவற்றையும் சேர்த்து 31 குறிகளைத் தொகுத்து, ஆட்டிசத்தை ஓரளவு நன்றாகவே அடையாளம் காண முடிகிறது என்று ‘நேச்சர் மைக்ரோபயாலஜி’யில் எழுதினர். எண்ணிக்கை பெரியது, உணவையும் கணக்கில் எடுத்ததாகச் சொல்கிறார்கள். வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடையாளம் வேறு, காரணம் வேறு. ஒருவருடைய பேச்சைக் கேட்டு அவர் நாகர்கோவில்காரரா கோவைக்காரரா என்று சொல்லிவிட முடியும். அந்த உச்சரிப்பால் அவர் அங்கே பிறந்தார் என்று யாரும் சொல்வதில்லை. உச்சரிப்பை மாற்றினால் பிறந்த ஊர் மாறும் என்றும் சொல்வதில்லை.

பிறந்த ஊர் என்ற உவமை இங்கே வெறும் அழகுக்காக அன்று. ஐந்து நாடுகளில் இருபது லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, ஆட்டிசத்தில் மரபுவழிப் பங்கு ஏறத்தாழ 80 சதவீதம் என்று மதிப்பிட்டது. மூளை வளர்ச்சியின் வேறுபாடு பெருமளவுக்குப் பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மூன்று வயதில் எடுத்த மலத்தில் அதன் காரணத்தைத் தேடுபவர், காலத்தால் முந்தியதைப் பிந்தியது எப்படி விளைவித்தது என்பதை முதலில் விளக்க வேண்டும். அந்த விளக்கம் இன்றுவரை இல்லை.

5.

இனி எலிகள். 2013இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் எலைன் ஷாவ் முதலானோர் ‘செல்’ இதழில் எழுதிய கட்டுரையே இத்துறையின் மூலநூல் போன்றது. கருவுற்ற எலியின் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டி, பிறக்கும் குட்டிகளிடம் சில நடத்தை மாற்றங்களை உண்டாக்கி, பின் பாக்டீராய்டீஸ் ஃப்ராஜிலிஸ் என்னும் பாக்டீரியாவைக் கொடுத்துச் சிலவற்றைச் சரிசெய்தார்கள். என்ன நடத்தை? கோலிக்குண்டைப் புதைப்பது ‘திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தை’. மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் எழுப்பும் கீச்சொலி ‘தொடர்பாடல்’. இவ்விரண்டும் மேம்பட்டன. மற்ற எலியை நாடும் சமூக நடத்தை மேம்படவில்லை. ஆட்டிசத்தின் இலக்கணமே சமூக ஊடாட்டத்தில் உள்ள வேறுபாடு. அது மாறாமலேயே கட்டுரை ஆட்டிசத்துக்கு வழி காட்டியதாகக் கொண்டாடப்பட்டது.

மொழியியல் மாணவர்கள் இந்த இடத்தில் மௌனம் காப்பது வியப்பு. எலிக்குட்டியின் கீச்சொலி எண்ணிக்கை குறைவதையும், ஒரு குழந்தை ‘நான்’ என்பதற்குப் பதிலாக ‘நீ’ என்று சொல்வதையும், கேட்ட சொற்றொடரை அப்படியே எதிரொலிப்பதையும், விரும்பிய பொருளைச் சுட்டிக்காட்டாமல் தாயின் கையைப் பிடித்து இழுப்பதையும் ‘தொடர்பாடல் குறைபாடு’ என்னும் ஒரே பெயருக்குள் அடைப்பது சொல்லாடல் வித்தை. சுட்டுப்பெயரின் இடமாற்றத்தை எந்த எலியும் செய்யாது. ‘எலிகளில் ஆட்டிசம் குணமானது’ என்ற செய்தித் தலைப்பு உயிரியலில் தவறாவதற்கு முன்பே சொற்பொருளியலில் தவறாகிவிடுகிறது.

2019இல் வந்த மற்றொரு எலி ஆய்வில் மனித மலம் எலிகளுக்கு மாற்றப்பட்டது. எலிகள் பல, மலம் தந்த மனிதர்கள் மிகச் சிலர். ஒருவரிடமிருந்து பெற்ற மலத்தை இருபது எலிகளுக்கு மாற்றினால் அது இருபது சான்று ஆகாது. ஒருவரைப் பற்றிய சான்றை இருபது முறை அளந்தது ஆகும். புள்ளியியலாளர்கள் இதை அப்போதே சுட்டிக்காட்டினர். ஒரே ஒருவரிடம் இருபது சொற்களைக் கேட்டுவிட்டு ‘இருபது தகவலாளிகள்’ என்று எழுதும் களப்பணியை எந்த மொழியியல் துறையும் ஏற்காது. அதே பிழை உயர்ந்த இதழில் வந்தால் மட்டும் எப்படி ஏற்புடையதாகிறது?

6.

சிகிச்சை ஆய்வுகளின் நிலை இதைவிட மெலிந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மல நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சை 2017இல் வெளிவந்தது. இரண்டாண்டுக்குப் பின் தொடர் அறிக்கையும் வந்தது. ஆட்டிசத்தின் தீவிரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்னும் வாசகம் உலகைச் சுற்றியது. அந்த ஆய்வில் ஆட்டிசமுள்ள குழந்தைகள் 18 பேர். போலி மருந்துக் குழு இல்லை. எல்லோருக்கும் எது கொடுக்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக், அதன் பின் குடல் கழுவல், அதன் பின் பல வாரம் மற்றவர் மலத்திலிருந்து பிரித்த நுண்ணுயிர். செக்ரெட்டின் பாடத்தை நினைவில் கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

இந்தியக் குழந்தைகளிடம் பீட்டா குளூக்கன் உணவுக்கூட்டை வைத்து நடத்தப்பட்டு 2022இல் வெளியான முன்னோட்ட ஆய்விலும் தற்செயலாக 18 பேர்தான்: 12 பேருக்கு அந்தக் கூட்டு, 6 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், 90 நாள். முன்னோட்டம் என்று ஆய்வாளர்களே தலைப்பில் சொல்கிறார்கள், அது நேர்மை. ஆனால் முன்னோட்டம் என்ற சொல் தலைப்பிலிருந்து வாட்ஸ்அப் செய்திக்கு வரும் வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது. ஆறு பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழுவில் ஒரு குழந்தைக்கு அந்த வாரம் காய்ச்சல் வந்தாலே சராசரி மாறிவிடும்.

பொம்மசந்திராவில் ஒரு வேடிக்கையான முரண் உண்டு. அங்குள்ள பயோகானின் ஆலைகள் நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் மருந்து செய்கின்றன. பிக்கியா என்னும் ஈஸ்ட்டின் வழியே உருவாக்கிய மனித இன்சுலினை அந்நிறுவனம் 2004இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த இன்சுலின் மருந்தாகையால், குப்பியில் இருப்பது என்ன, எவ்வளவு, மனித உடலில் என்ன செய்கிறது என்பதை ஒழுங்குமுறை அமைப்பின் முன் நிறுவ வேண்டியிருந்தது. அதே தெருவின் மருந்துக் கடையில் உணவுக்கூட்டாக விற்கப்படும் புரோபயாட்டிக் அந்தச் சோதனையைத் தாண்ட வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அத்தகைய பொருளில் ‘மருத்துவப் பயன்பாட்டிற்கன்று’ என்று அச்சிட வேண்டும். பெட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அது இருக்கும். முன்புறத்தில் குடல்–மூளை அச்சு இருக்கும். நுண்ணுயிர் மருந்தாகலாம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மருந்தாவதற்கு இன்சுலின் நடந்த வழியில் அதுவும் நடந்து வர வேண்டும்.

இந்த நாடு ஏற்கெனவே ஒருமுறை தாமதமாகத்தான் விழித்தது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று பல லட்சம் ரூபாய் பல ஆண்டுகளாக வாங்கப்பட்ட பின், தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில்தான் அதைப் பரிந்துரைக்க இயலாது என்றது. குடல் சிகிச்சைக்கும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா?

7.

மறுப்பு இவ்வளவு கடுமையாக இருக்கும்போது, குழந்தையின் குடலை மறந்துவிடலாம் என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. ஆட்டிசக் குழந்தைகளுக்கு மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி ஆகியன மற்றக் குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழ் வெளியிட்ட மதிப்பீடு காட்டுகிறது. பேசாத குழந்தைக்கு ‘வயிறு வலிக்கிறது’ என்று சொல்ல வழியில்லை; அது தலையைச் சுவரில் மோதுகிறது. அதை ஆட்டிசம் என்று கணக்கெழுதிவிட்டு வலியைக் கவனிக்காத மருத்துவமும் கொடுமையே. மலச்சிக்கலுக்கு மலிவான, நன்கு சோதிக்கப்பட்ட மருந்துகள் உண்டு. அவற்றைக் கொடுத்தால் வலி தீரும். வலி தீர்ந்தால் உறக்கம் வரும், எரிச்சல் குறையும், கற்றுக்கொள்ளும் மனம் வாய்க்கும். ஆனால் அது ஆட்டிசத்துக்கு மருந்தன்று, வலிக்கு மருந்து. குழந்தையின் வயிற்றுவலி கவனிக்கப்படுவதற்கு அது ஆட்டிசத்தின் காரணமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வலி என்பதே போதுமான காரணம்.

பணத்தையும் நேரத்தையும் செலவிட வேறு இடம் உண்டு என்பதற்கும் சான்று இந்த மண்ணிலேயே இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடத்தப்பட்டு 2016இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’யில் வெளியான ஆய்வில், சிறப்பு மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, குழந்தையின் சிறு சைகைகளுக்கு எவ்வாறு மறுமொழி சொல்வது என்று பெற்றோருக்குப் பயிற்சி அளித்தனர். ஒப்பீட்டுக் குழு இருந்தது; காணொளிகளை மதிப்பிட்டவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. எல்லா அளவும் மேம்படவில்லை. ஆனால் பெற்றோரின் ஒத்திசைவான மறுமொழியும், குழந்தை தானே முன்வந்து தொடங்கும் தொடர்பாடலும் கூடின. இதற்கு மாத்திரைப் பெட்டி இல்லை. ஆகவே விளம்பரமும் இல்லை.

பொம்மசந்திராவில் இருக்கும் தமிழ்க் குழந்தைக்குத் தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். பல மொழி குழப்பும், ஒன்றை மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரை பெற்றோருக்கு இன்றும் கிடைக்கிறது. பலசமயம் கைவிடச் சொல்லப்படுவது தாய்மொழி. பன்மொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாய் தனக்கு நன்கு வராத மொழியில் குழந்தையோடு பேசத் தொடங்கினால் குறைவது பேச்சுதான். தமிழில் பேச்சுப் பயிற்சிக்கான கருவிகள், தமிழில் படச்சுட்டு அட்டைகள், தமிழ்க் குழந்தைகளின் இயல்பான மொழி வளர்ச்சி குறித்த தரவு – இவையெல்லாம் மொழியியல் துறைகள் செய்யக்கூடியவை, செய்ய வேண்டியவை.

8.

கடைசியாக, சொற்களைப் பற்றி. மேனிலைப் பள்ளிப் புள்ளியியல் பாடநூலில் ‘ஒட்டுறவு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. பதினேழு வயது மாணவர் அதற்கான கெழுவைக் கணக்கிட்டு மதிப்பெண் வாங்குகிறார். அதே மாணவர் பல்கலைக்கழகம் சென்று, அறிவியல் செய்தி எழுதும்போது அச்சொல்லை மறந்து ‘தொடர்பு’ என்கிறார். செய்தி ஆசிரியர் அதைக் ‘காரணம்’ என்று திருத்துகிறார். கலைச்சொல் இல்லாததால் வந்த குறையன்று இது. இருக்கும் சொல்லைப் பயன்படுத்தினால் செய்தியின் கவர்ச்சி குறைந்துவிடும் என்பதால் வந்த குறை.

ஆட்டிசத்துக்கே தமிழில் வைக்கப்பட்ட பெயர்களையும் பார்க்கலாம். ‘மதியிறுக்கம்’ என்பது மதி இறுகிவிட்டதாகச் சொல்கிறது. ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்பது அக்குழந்தைகளிடம் ஒரு சிந்தனையே இல்லை என்கிறது. இறுக்கம் என்றால் தளர்த்தலாம், இல்லை என்றால் ஊட்டலாம் என்ற எண்ணம் பெயரிலேயே புதைந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்று, அதற்குரிய உரிமைகளை வகுத்தது. உரிமை உள்ள ஒருவரை நோயாளியாக மட்டுமே பார்க்கும் மொழி, அவருக்குப் பள்ளியில் இடம் கேட்பதை விட்டுவிட்டு அவருடைய மலத்தை ஆய்வுக்கு அனுப்பச் சொல்கிறது.

ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடியவை மிக எளியவை. குடல்–ஆட்டிசம் பற்றிய எந்தக் கட்டுரையைப் பகிர்வதற்கு முன்னும் ஐந்து கேள்விகள் போதும். ஒரு குழுவில் எத்தனை பேர்? குழந்தைகளின் உணவு பதிவு செய்யப்பட்டதா? ஒப்பீட்டுக் குழு இருந்ததா? பெற்றோருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று தெரிந்திருந்ததா? ஆய்வு மனிதரிடமா, எலியிடமா? இவற்றுக்கு விடை இல்லாத கட்டுரைக்குத் தமிழில் தலைப்பு எழுதும்போது ‘ஆல்’ போடாமல் இருந்தாலே பாதிப் பொறுப்பு நிறைவேறிவிடும்.

மறு பாதி, பொம்மசந்திராவில் இரவு இரண்டு மணிக்குக் கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் அந்தத் தாய்க்குத் தமிழில் ஒரு நேர்மையான பக்கம் கிடைக்கச் செய்வது. அவர் மகனுக்கு நான்கு நாளாக மலம் வரவில்லை; அதை நாளைக் காலையே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தயிர்ச்சோற்றை நிறுத்த வேண்டியதில்லை. அவனோடு தமிழில் பேசுவதையும் நிறுத்த வேண்டியதில்லை.